சிறு முந்திரிகைத் தோட்டமும் அதனை நாடும் உயிர்களும்

சந்தையில் கருநீலமாய்ப் பார்வைக்கு அழகாய் இருக்கும் முந்திரிகைக் குலையை வாங்கி, ஒரு பழத்தை வாயிலிட்டவர் முகஞ் சுளிப்பதுண்டு. பழம் புளிக்கின்றது. இது கொடியின் குற்றமன்று, மண்ணின் குற்றமுமன்று. காகமும் குயிலும் வௌவாலும் கொண்டுபோய்விடும் என்னும் அச்சத்தால், நிறம் ஏறிய சில நாட்களிலேயே குலை வெட்டப்பட்டமையே காரணம்.

தமிழ்நாட்டார் திராட்சை என வழங்கும் பழத்தையே யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். கஜு தரும் மரம் அவர்க்கு மரமுந்திரிகை. இப்பழம் மாவையும் வாழையையும் போன்றதன்று. முற்றிய மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் அது பழுத்து இனிக்கும். முந்திரிகையோ கொடியிலிருந்து வெட்டப்படும் வேளையில் எவ்வளவு இனிப்புடையதோ அவ்வளவே; பின்னர் எத்தனை நாள் வைத்திருப்பினும் இனிப்பு ஏறாது. ஆகவே பறவைக்கு அஞ்சி முன்கூட்டியே வெட்டும் கமக்காரர், பறவை தின்றிருக்கக்கூடிய பங்கைக் காட்டிலும் கூடுதலான தொகையை விலையில் இழத்தல் கூடும். ஒரு முறை புளிப்பை வாங்கியவர் மறுமுறை அவரை நாடார்.

ஒரு பரப்பு அல்லது இரண்டு பரப்புக் காணியில் முந்திரிகைத் தோட்டம் தொடங்குவது எவ்வாறு, தோட்டத்தை நாடும் உயிர்களை அழிக்காமல் குலையை முற்றப் பழுக்கவிட்டுப் பறிப்பது எவ்வாறு என்பன இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படுகின்றன.

இடமும் காலநிலையும்

முந்திரிகை குளிர்தேசத்துக் கொடி என்பது பலருடைய எண்ணம். செருமனியின் றைன் ஆற்றுச் சரிவுகள் போன்ற குளிர்ந்த இடங்களில் இக்கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கும், இளவேனிலில் தளிர்க்கும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஆண்டுக்கு ஒரே முறை பழுக்கும். அங்குள்ளோர் பெரிதும் அஞ்சுவது தளிர்விட்ட பின் வரும் உறைபனிக்கே. ஓரிரவிற் பெய்யும் பனி அவ்வாண்டு விளைவின் பெரும் பங்கைக் கருக்கிவிடும்.

இதனை அறிந்தோர் சிலர் இலங்கையில் நுவரெலியாவே முந்திரிகைக்கு உகந்த இடம் எனக் கொள்வர். அது தவறாகும். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் அமைந்த அந்நகரிற் குளிர் உண்டு. ஆயின் மழையும் முகிலும் ஈரமும் அதனினும் மிகுதி. முந்திரிகையின் முதற் பகை வெப்பமன்று; இலையும் குலையும் உலராதிருத்தலே. நல்ல வெயில், வறண்ட காற்று, தேவையான போது பாய்ச்சவும் வேண்டாதபோது நிறுத்தவும் இயலும் நீர் ஆகிய மூன்றும் வாய்க்கும் இடமே இதற்கு ஏற்றது. யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள செம்பாட்டுத் தறைகளில் இம்மூன்றும் உண்டு. செம்மண்ணுக்கு அடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கல் இக்கொடிக்குத் தீங்கன்று.

வயல் நிலம் இதற்கு ஆகாது. மாரியில் நீர் தேங்கும் காணியில் வேர் அழுகும். நெற்செய்கை செய்வோர் தமது வீட்டையடுத்த மேட்டுக் காணியையோ தோட்டத் தறையின் ஒரு மூலையையோ இதற்கு ஒதுக்குதல் நன்று.

நடுகை

இலங்கையில் பெரிதும் பயிரிடப்படும் வகை இஸ்ரேல் புளூ என்பதாகும். நன்கு காய்த்து நோயின்றி நிற்கும் கொடியிலிருந்தே வெட்டுத்துண்டுகளை எடுத்தல் வேண்டும். முற்றிக் கபில நிறமடைந்த, பென்சிற் பருமனுள்ள தண்டில் ஓரடி நீளத்துக்கு 3 அல்லது 4 கண்கள் அமையுமாறு வெட்டி, கீழ் இரு கண்களும் மண்ணுள் இருக்கப் பைகளில் நட்டு நிழலில் வைக்க. வேர் நன்கு ஓடிய பின் தோட்டத்துக்கு மாற்றலாம். பெருமழை ஓய்ந்த சனவரி மாதம் இதற்கு ஏற்றது.

ஒரு பரப்பு என்பது ஏக்கரில் 16இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 2,720 சதுர அடி. 10 அடிக்கு ஒரு கொடியாக நட்டால் 27 கொடிகள் அடங்கும். இரண்டரை அடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணும் நன்கு உக்கிய எருவும் கலந்து நிரப்பி, சில நாள் ஆறவிட்டு நடுக. பச்சை எரு இடலாகாது. கொடியை ஒற்றைத் தண்டாகவே பந்தல் வரை ஏற்றுதல் வேண்டும். பக்கத்தில் வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுக. பந்தல் ஆறரை அடி உயரமாயின் நின்றபடியே வேலை செய்யலாம். தண்டு பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளி, இரு கைகளை எதிரெதிராகப் படரவிடுக. அக்கைகளிலிருந்து எழும் கிளைகளே பின்னர்க் காய்க்கும். பந்தலுக்குக் கொங்கிறீற்றுத் தூணும் நாகமுலாம் பூசிய கம்பியும் செலவுடையனவாயினும் பல ஆண்டு நிற்கும். மரத்தூண் கறையானுக்கு இரையாகிக் காய் நிறைந்த வேளையிற் சரிந்தால், பந்தலோடு கொடியும் கெடும்.

பந்தல் மூடும் வரை இடைநிலத்திற் கீரை, பயிற்றை போன்றவற்றைப் பயிரிட்டு வருவாய் பெறலாம். மிளகாய் நடுதல் நன்றன்று. மிளகாய் இலையைச் சுருளச் செய்யும் பனிப்பூச்சி முந்திரிகைத் தளிரையும் தாக்கும்.

கத்தரித்தல்

குளிர்நாட்டில் மாரி செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்தல் வேண்டும். வெப்பநாட்டில் இக்கொடி தானாக உறங்குவதில்லை. வெட்டாது விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும், காய்ப்பு அரிதாகும். எனவே கமக்காரர் தாமே அதனை நிறுத்தி எழுப்புதல் வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் நீர் பாய்ச்சுதலை நிறுத்தி, முற்றிய கிளைகளை வகைக்கேற்ப 4 முதல் 6 கண்கள் விட்டு வெட்டி, எஞ்சிய இலைகளையும் களைந்து, பின்பு எருவிட்டு நீர் பாய்ச்சினால் கண்கள் விழித்துத் துளிர்க்கும். அத்துளிரிலேயே பூங்கொத்தும் தோன்றும். வெட்டுவாயிலிருந்து சில நாட்களுக்கு நீர் துளித்துளியாய் வடிதல் இயல்பு. முதன்முறை காண்போர் கொடி செத்துவிடும் என அஞ்சுவர். அது தானாகவே நின்றுவிடும்.

கத்தரித்த நாளிலிருந்து பழம் பறிக்க ஏறக்குறைய 100 நாட்கள் செல்லும். கத்தரிக்கும் நாளைத் தெரிவதென்பது பழுக்கும் நாளைத் தெரிவதேயாகும். சனவரி இறுதியில் வெட்டிய கொடி மே மாதத் தொடக்கத்திலும், மே நடுப்பகுதியில் வெட்டிய கொடி ஓகஸ்ட் இறுதியிலும் பழம் தரும். இவ்விரண்டோடு அமைதல் நன்று. மூன்றாம் போகத்துக்கு ஆசைப்பட்டு செப்டெம்பரில் வெட்டுவோர், ஒக்டோபர் தொடங்கி வரும் பருவமழையிற் பூவையும் பிஞ்சையும் பூஞ்சண நோய்க்குக் கொடுத்து, கொடியையும் களைப்படையச் செய்வர். மாரி மாதங்களில் கொடி இலையோடு நின்று இளைப்பாறட்டும்.

தோட்டத்திலுள்ள உயிர்கள்

குளிர்நாட்டாரின் கத்தரிப்பு முறை நமக்குப் பயன்படாது. ஆயினும் பூச்சி, பறவை ஆகியவற்றோடு அவர்கள் அண்மைக் காலத்தில் நடந்துகொண்ட முறையிற் கற்கத்தக்கது உண்டு. நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள வைப்பரா என்னும் குளிர்ந்த பள்ளத்தாக்கில், லிங்கன் பல்கலைக்கழகத்தாரும் முந்திரிகைத் தோட்டக்காரரும் இணைந்து 2005இல் ஒரு வேலைத்திட்டத்தைத் தொடங்கினர். அத்தோட்டங்களில் கொடி வரிசைகளுக்கிடையே பக்வீற் என்னும் தானியச் செடி விதைக்கப்பட்டது. அதன் சிறு பூக்களின் தேனை உண்ணும் நுண்ணிய குளவிகள், முந்திரிகை இலையைச் சுருட்டும் புழுக்களின் உடலில் முட்டையிட்டு அவற்றை அழிப்பவை. தேன் கிடைக்கும் இடத்திற் குளவி நீண்ட நாள் வாழ்ந்து கூடுதலான புழுக்களை அழிக்கும் என்பதே இதன் அடிப்படை.

அதே தீவின் மால்பரோப் பகுதியில், அருகிவரும் உள்நாட்டு இராசாளிகளை மலையிலிருந்து முந்திரிகைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து வாழவிட்டனர். 2012இல் வெளியான ஆய்வின்படி, இராசாளி வாழ்ந்த தோட்டங்களிற் பறவைகள் பறித்துச் சென்ற பழங்கள், இராசாளி இல்லாத தோட்டங்களினும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைவாக இருந்தன.

யாழ்ப்பாணத்தில் இராசாளியைக் கொண்டுவந்து விடுதல் இயலாது, வேண்டுவதுமில்லை. வல்லூறு இங்கேயே உண்டு. உயர்ந்த பனையிலும் வேம்பிலும் அமர்ந்து அது காவல் புரியும். தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பனையைப் பயனற்றதென வெட்டுமுன் இதனையும் எண்ணுதல் வேண்டும். புலுனிக் கூட்டம் தரையைக் கிண்டிப் புழுவையும் வண்டையும் பொறுக்கும். கரிக்குருவி பந்தற் தூணில் இருந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். செண்பகமும் ஓணானும் பெரிய புழுக்களை விடா. வௌவாலிலும் இரு சாரார் உண்டு: பழம் தின்பது ஒன்று, அந்திப்பொழுதிற் சுழன்று பறந்து அந்துப்பூச்சியும் நுளம்பும் தின்னும் சிறியது மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு துரத்துவோர் தமக்கு இரவில் கூலியின்றி வேலை செய்பவரைத் துரத்துகின்றனர்.

தேனீ பழத்தைக் கெடுக்கிறது என்னும் முறைப்பாடும் கேட்கப்படுவதுண்டு. தேனீ பழத்தின் தோலைக் கிழிப்பதில்லை. குருவியோ குளவியோ கிழித்த பழத்திலேயே அது சாறு குடிக்கும். தேனீ மொய்க்கும் குலையைக் கண்டால் கிழித்தது எது என்று பார்த்தல் வேண்டும்.

குளவிகளுக்குத் தேன் கிடைக்கப் பக்வீற் தேடி அலைய வேண்டியதில்லை. வேலியோரம் ஒரு வரி கொத்தமல்லியை அறுக்காது பூக்கவிட்டாற் போதும். பசுந்தாட் பசளைக்கு விதைத்த சணலை மடக்கி உழும்போது ஓரத்தில் ஒரு பாத்தியைப் பூவோடு நிற்கவிடலாம், எள்ளும் உதவும்.

வெண்மூட்டுப்பூச்சி தோன்றிய இடத்தில் முதலிற் பார்க்க வேண்டியது எறும்பை. அப்பூச்சி வடிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைப் பொறிவண்டு முதலிய பகைகளிடமிருந்து காக்கும். அடித்தண்டில் துணிப்பட்டி சுற்றி, அத்துணியின்மேல் கிறீசு பூசினால் எறும்பு ஏறாது. எஞ்சிய வேலையைப் பொறிவண்டு செய்யும். தண்டிற் கிழிந்து தொங்கும் பழைய பட்டைகளை உரித்து எரித்துவிடுக. அப்பூச்சி ஒளிந்திருப்பது அங்கேதான். பனிப்பூச்சி உண்டா என்பதை அறிய, தளிரின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத் தளிரைத் தட்டிப் பார்க்க. தாளில் ஓடுவன இல்லையெனின் மருந்து தெளிக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காணிக்காரர் தெளிக்கிறார் என்பது தெளிப்பதற்குக் காரணமாகாது.

நோயும் மருந்தும்

இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டாற்போல் மஞ்சட் பொட்டும், அடிப்புறம் வெண்பஞ்சு போன்ற படலமும் தோன்றுவது அடிச்சாம்பல் நோய். ஈரக் காலத்தில் ஒரு கிழமைக்குள் பந்தல் முழுவதும் பரவும். இதற்குரிய போர்டோக் கலவை பிரான்சில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாதிருக்கத் தெருவோரக் கொடிகளுக்கு அங்குள்ளோர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசிவந்தனர். அக்கொடிகளில் மட்டும் நோயின்மையைக் கண்ட மில்லார்டே என்னும் பேராசிரியர், ஆய்ந்து, 1885இல் அதனை உலகறியச் செய்தார்.

ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 இலீற்றர் நீரிலும், ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீர் விட்டு நீற்றி மற்றொரு 50 இலீற்றர் நீரிலும் கரைத்து, இரண்டையும் ஒருங்கே ஊற்றிக் கலக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியொன்றைக் கலவையிற் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்கும்போது அதிற் செம்பு நிறம் படிந்திருப்பின் சுண்ணாம்பு போதாது. இன்னுஞ் சேர்த்தல் வேண்டும். கலந்த அன்றே, வெயில் ஏறுமுன் தெளித்து முடிக்க. இளந்தளிருக்குப் பாதி வலிமையே போதும்.

பழைய மருந்து என்பதால் இது தீங்கற்றது என எண்ணலாகாது. செம்பு மண்ணிற் சிதைவதில்லை. ஆண்டுதோறும் சேர்ந்து மண்புழுவைக் குறைக்கும். மழையோ கடும் பனியோ உள்ள காலத்தில் மட்டும் தெளித்து, வறண்ட மாதங்களில் நிறுத்துக. இலைகளுக்கிடையே காற்றோட்டம் இருக்கக் கிளைகளைக் கலைத்துவிட்டாற் பல தெளிப்புகள் மிச்சமாகும்.

எந்த மருந்தையும் கிணற்றுக் கட்டில் வைத்துக் கலக்கலாகாது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லினுள் தங்கிய மழைநீரே குடிக்கவும் இறைக்கவும் உள்ளது. தோட்டத்தில் விழுவது அந்நீரைச் சேரும். பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தல் ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளமையால், யூரியாவையும் அளவறிந்தே இடுதல் வேண்டும்.

பழுக்கும் மாதம்

ஆண்டில் மற்றெல்லா நாட்களிலும் பறவைகள் தோட்டத்தில் உலாவலாம். பழம் நிறம் மாறத் தொடங்கிய நாள் முதல் பறிக்கும் நாள் வரையுள்ள ஏறக்குறைய ஒரு மாதத்துக்கே அவற்றுக்கும் குலைக்கும் இடையே ஒரு தடை வேண்டும்.

சிறு தோட்டத்துக்குச் சிறந்த தடை தாள் உறை. ஒரு கொடிக்கு 40 குலை விடப்படின் 27 கொடிக்கு 1,080 உறைகள் தேவை. நிமிடத்துக்கு ஒன்றாகக் கட்டினால் 18 மணி நேர வேலை. இருவர் இரண்டு நாளிற் செய்து முடிப்பர். தோட்டம் ஒரு பரப்பாய் இருப்பதன் நன்மை இங்கேதான் தெரியும். ஓர் ஏக்கரில் இது நடவாது. கபில நிறத் தடித்த தாளே நன்று. கீழ்ப்புறம் காற்றுப் போகுமாறு சிறிது திறந்திருத்தல் வேண்டும். பொலித்தீன் உறையில் வெப்பமும் ஈரமும் அடைபட்டுக் குலை அழுகும். அணில் தாளைக் கிழிக்க வல்லது. தூணிலும் தண்டிலும் ஓரடி அகலத் தகரத்தைச் சுற்றினால் எலி ஏறுவது குறையும். மரக்கிளையிலிருந்து தாவும் அணிலை அது தடுக்காது. பந்தலைத் தொடும் கிளைகளை வெட்டிவிட்டு, எஞ்சிய சிறு இழப்பைப் பொறுத்துக்கொள்வதே வழி.

வலை போடுவோர் பழைய மீன்வலையைத் தளர்வாக எறிந்துவிடுதல் தவறு. அகன்ற கண்ணுள்ள தளர்ந்த வலையிற் குருவியும் வௌவாலும் சிக்கித் துடித்துச் சாகும். தரையில் கிடக்கும் பகுதியில் சாரைப்பாம்பு சிக்கும். அது போனபின் தோட்டம் எலியின் வசமாகும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண் 5 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என 2021 செப்டெம்பர் முதல் விதிக்கப்பட்டுள்ளது. சிறு விரல் நுழையாத கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டி, தரைக்கு ஓரடி மேலே முடித்து, காலையும் மாலையும் பார்த்து, அறுவடை முடிந்த அன்றே கழற்றிச் சுருட்டி வைத்தல் வேண்டும்.

பழத்தில் நஞ்சு தடவி வைப்பதை எக்காரணங் கொண்டும் செய்யலாகாது. அப்பழத்தை முதலில் எடுப்பது வௌவாலாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பாடசாலை விட்டு வரும் பிள்ளையாகவும் இருக்கலாம்.

வேலியில் நிற்கும் வேம்பைத் தறித்தால் குயில் வராது என்போர் உளர். குயில் அடுத்த ஊரிலிருந்தும் வரும். வேம்பு நிற்பின் அது பழுக்கும் காலத்தில் குயிலுக்கும் வௌவாலுக்கும் ஓரளவு வேறு உணவு கிடைக்கும். வேம்பின் நிழல் பந்தலில் விழாதவாறு கிளையைக் கழிப்பதே போதும்.

பறித்தல்

குலையின் தோள்ப்பகுதி முதலிலும் நுனி இறுதியிலும் பழுக்கும். ஆகவே உறையைக் கீழிருந்து திறந்து, நுனியிலுள்ள ஒரு பழத்தைச் சுவைத்துப் பார்க்க. அது இனித்தால் குலை முழுவதும் இனிக்கும். காம்படி வரை நிறம் ஏறியிருத்தலும் விதை கபில நிறமடைந்திருத்தலும் பிற அடையாளங்கள். நிறம் மாறியபின் நீரைப் படிப்படியாகக் குறைத்து வருக; வறண்ட கொடிக்குத் திடீரெனப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். வெயிலேறுமுன், கத்தரிக்கோலால், காம்பைப் பிடித்து வெட்டுக. பழத்தின் மேலுள்ள வெண்ணிறப் பூச்சு மருந்தென்று எண்ணித் துடைப்போர் உளர். அது பழத்தின் இயற்கை மெழுகு. அது அழியாத குலையே சில நாள் வாடாது நிற்கும்.

நட்டு ஒன்றரை ஆண்டளவில் முதற் காய்ப்பைக் காணலாம். அம்முதற் போகத்தில் கொடிக்கு 10 குலை மட்டும் விட்டு மற்றவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுக, இளங்கொடி தாங்காது. வெட்டுத்துண்டு பெறுதல், மண் பரிசோதனை, மருந்தின் அளவு ஆகியவை குறித்து அப்பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிந்து, மாரிக்கு முன்னரே பந்தல் வேலையைத் தொடங்கலாம்.